வாத்துக்கால் ஃபைவெல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யூத வேதமான தோராச் சுருளின் மேல் கை வைத்துச் சொல்லவும் தயார். பக்கத்தில் சுருள் எதுவும் இல்லாததால் இப்போதைக்கு ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்லப்படுகிறது. பெனினாவைக் கேட்டால் அவளும் இதையேதான் சொல்வாள். அவள் கணவன் ஸஸோனைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். முட்டைகளைத்தான் இனிமேல் கேட்க முடியாது.

கத்தி கழுத்தோரம் வந்தபோது பெனினா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அடக்கச் சங்கத்திலிருந்து வந்திருந்த பெண்மணி அவள் சட்டையின் இடப்பக்கக் காலரில் ஒரு வெட்டு வைத்தாள். துக்கத்துக்குச் சட்டையைக் கிழித்துக்கொள்வது வழக்கம்; செத்தது பெற்றவர் என்றால் இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே.

"இனிமே நீயே கிழிக்கணும். ஒரு சாண்," என்றாள்.

பெனினா இழுத்தாள். துணி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நூல் ஒன்று மட்டும் பெரிய மனது பண்ணி வெளியே வந்தது.

"என்ன துணி இது?"

"நைலான் கலந்தது. ‘எனக்காக நல்ல சட்டையைப் பாழாக்காதே, இருக்கறதுலயே பழசைப் போட்டுக்கிட்டு வா’ன்னு அப்பா சொல்லியிருந்தார்."

"பழசெல்லாம் கெட்டி. உங்கப்பாவுக்கு அதுகூடத் தெரியாதா?" பெண்மணி மறுபடியும் கத்தியை வைத்தாள்.

ஸஸோன் மனைவியின் காதருகே குனிந்தான். "மாமா இருந்திருந்தா, இந்தத் துணியை நெய்ததே நான்தான்னு சொல்லியிருப்பார்."

பெனினா இழுத்தாள். இந்தத் தடவை கிழிந்தது. பக்கத்துக் குழிக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

ஹோலோன் ஊர் இடுகாட்டு மணலில் குழி தோண்டுவது சுலபம், மூடுவதும் சுலபம். வெள்ளைத் துணியில் சுற்றிய ஃபைவெல், பெட்டி கிட்டி எதுவும் இல்லாமல், ஒரு பேருந்து ஓட்டுநர் இருக்கையில் நுழைவதுபோல உள்ளே இறங்கினார். எண்பத்தெட்டு வயதில் இவ்வளவு லேசாக இருப்பார் என்று தூக்கினவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் மூன்று தடவை மண் அள்ளிப் போட்டு, மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காமல் மணலில் குத்தி வைத்துவிட்டு நகர்ந்தார்கள். துக்கம் கை மாறக்கூடாது என்று வழக்கம். பெனினா மண்வெட்டியைப் பார்க்கவில்லை. தூரத்தில், கை கழுவுகிற குழாய்க்கு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறதே, அதன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஸெலிக் நின்றிருந்தார். தொப்பி, கோட்டு, கழுத்துப்பட்டை எல்லாம் முறையாக. வார்சாக்காரர் சங்கத்தின் தலைவர் அவர். செத்துப்போகிற எந்த வார்சாக்காரனுக்கும் முதல் வரிசையில் நின்று முதல் மண் போடுகிறவர். இன்று குழாயடியோடு நின்றுவிட்டார்.

அடக்கச் சங்கத்து ஆள் குழியைப் பார்த்துக் குரலெடுத்தார்: "நாஹும் மகன் ஃபைவெல், எங்களால் உனக்குக் குறை ஏதாவது நேர்ந்திருந்தால் மன்னித்துக்கொள்." எல்லாரும் முணுமுணுத்தார்கள். குழாயடியில் வாய் அசையவில்லை. ஸெலிக் எல்லாருக்கும் முன்பே கையைக் கழுவிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

"வரவாவது வந்தாரே," என்றான் ஸஸோன்.

"வந்து என்ன? மண் போடல." கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு பெனினா காரில் ஏறினாள். "பரவாயில்ல. முட்டை கொண்டுவருவார்."

"உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"அப்பா சொன்னாரே."

ஃபைவெல் சொன்னதை நம்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அவர். கடற்கரை நிறுத்தத்தில் ஒரு பயணி மணியைத் தாமதமாக அடித்ததால் வண்டியை நேரே கடலுக்குள் விட்டதாகவும், அங்கே ஏறிய மீன் ஒன்றுக்குச் சில்லறை இல்லாததால் அதை இறக்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். பீர்ஷெபாவுக்குப் போகும் வழியில் ஏறின ஒட்டகம் உட்கார்ந்து வந்ததால் அரை டிக்கெட் போட்டாராம். முகத்தில் ஒரு தசை ஆடாது. கேட்கிறவன் சிரித்தால், ‘ஒருத்தன் கஷ்டத்தைச் சொன்னா சிரிக்கிறியே’ என்று கோபித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கும் ஸெலிக்குக்கும் சிநேகிதம், இங்கே வந்த கப்பலிலேயே ஆரம்பித்தது. இருவரும் வார்சா, ஆனால் வார்சாவில் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. யுத்தம் முடிந்து, மிச்சமிருந்தவர்களெல்லாம் யூதர்களின் புது நாட்டில் வந்து இறங்கியபோது, ஹோலோனில் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக வீடு கிடைத்தது. ஃபைவெல் மூன்றாம் மாடி, ஸெலிக் இரண்டாம் மாடி. ஸெலிக் பூட்டு வேலை செய்கிறவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு மேல்வீட்டில்தான். குழந்தை பெனினாவுக்கு அல்வா வாங்கி வருவார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

பெனினாவுக்குப் பதினேழு வயதில் வார்சாக்காரர் சங்கத்து மண்டபத்தில் ஒரு படம் காட்டினார்கள். நாற்பத்திரண்டாம் வருடம் மே மாதம், வார்சாவில் யூதர்களைச் சுவர் கட்டி அடைத்துப் போட்டிருந்த இடத்துக்குள்ளே ஜெர்மன்காரர்கள் வந்து எடுத்த படம். சத்தம் கிடையாது. தெருவில் செத்துக் கிடக்கிறவர்கள், எலும்பும் தோலுமான குழந்தைகள். அடுத்த காட்சியில் உணவகம். வெள்ளை மேஜைவிரிப்பு, மெழுகுவர்த்தி, நன்றாக உடுத்தின யூதர்கள் வாத்துக்கறி சாப்பிடுகிறார்கள். இவர்களுக்குள்ளேயே பார், ஒருவன் சாகிறான், ஒருவன் தின்கிறான் என்று உலகத்துக்குக் காட்டத்தான் எடுத்தது. எடுத்தவன் யார் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கேமரா எங்கே பொய் சொல்லப்போகிறது என்று அந்த நாளில் நம்பினார்கள்.

மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன் வாத்துக்காலைக் கடித்தான். இருட்டுக்குள் ஸெலிக் எழுந்து நின்றார்.

"அது ஃபைவெல்."

படம் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். ஃபைவெல் இன்னும் வெறுந்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"ஆமா. நான்தான்."

"தின்னியா?"

"கடிச்சேன்."

"தின்னியா?"

"கடிச்சேன். முழுங்கல. ஒரே காலைத் திரும்பத் திரும்பக் கடிக்க வச்சாங்க. வாளி பிடிச்சுக்கிட்டு ஒரு சிப்பாய் நின்னான், அதுல துப்பணும். ஏழு தடவை." கொஞ்சம் யோசித்தார். "நான் கடுகுச் சாந்து கேட்டேன். தரல."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அது எந்த மாசம்னு தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார் ஸெலிக். அவருடைய தங்கை மிரல் ஆறு வயதில் பட்டினியால் போனது அந்த மே மாதம். அதை அவர் மண்டபத்தில் சொல்லவில்லை. அவர் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கிடையாது, அல்வா கிடையாது. மேல்வீட்டின் ஒரு வாய்த் தண்ணீர்கூட ஸெலிக் குடித்ததில்லை. ஊர் அவரை ‘வாத்துக்கால் ஃபைவெல்’ ஆக்கிவிட்டது. அவர் அதையும் ஒரு பட்டம்போல ஏற்றுக்கொண்டு, யாராவது கேட்டால் கதையை இன்னும் நீட்டினார். ஏழு பதினொன்றாயிற்று. பதினோராவது தடவை வாத்தே திருப்பிக் கடித்துவிட்டது என்றும் சொல்லிப் பார்த்தார். நாற்பது வருடம் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். மேலே இருமல் கேட்டால் கீழே கதவு சாத்திக்கொள்ளும்.

போன வாரம், பேச்சு குறைந்துபோன பிறகு, ஃபைவெல் மகளைக் கூப்பிட்டார்.

"அடக்கம் முடிஞ்சு வந்ததும் முதல் முட்டை ஸெலிக் கையால வாங்கித் தின்னு. வேற யார் கொடுத்தாலும் வாயைத் திறக்காதே."

"அவர் கொண்டுவரமாட்டார், அப்பா."

"மிச்சப் படத்தைப் பார்த்தா கொண்டுவருவான். நான் மேலேர்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். அங்க எனக்கு வேற வேலையும் இருக்காது. பேருந்து கிடையாதாம்."

இப்போது அந்த மூன்றாம் மாடி வீட்டில் கண்ணாடிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் துணி போர்த்தியாயிற்று. பெனினா தரையை ஒட்டின குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு நாளைக்கு அதுதான் ஆசனம். அடக்கம் முடிந்து வந்தவள் முதல் வாய் தன் வீட்டுச் சோற்றைச் சாப்பிடக்கூடாது. அண்டை அயலார் கொண்டுவர வேண்டும். முட்டை, பருப்பு, வட்ட ரொட்டி. மூலை இல்லாத சாப்பாடு. பொழுது சாய்ந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு முடிந்தது, பிறகு யார் வீட்டு ரொட்டியானால் என்ன.

அவள் சாப்பிடவில்லை என்ற செய்தி கட்டடத்தில் பரவிற்று. அதன் விளைவாக அன்று சாயங்காலத்துக்குள் ஹோலோனில் முட்டை தீர்ந்துபோய், பக்கத்து ஊர்க் கோழிகளைக் கூடுதல் நேரம் வேலை பார்க்கச் சொன்னதாகக் கேள்வி. அவித்த முட்டை தட்டில், அவித்த முட்டை சட்டியில், பூப்போட்ட தொப்பியில்கூட ஒருவர் கொண்டுவந்தார். சமையலறை மேடையில் இடமில்லாமல் ஸஸோன் சலவை இயந்திரத்தின் மேல் அடுக்கினான்.

எதிர்வீட்டு ஸிவ்யா தன் பங்குக்கு ஒரு கூடை கொண்டுவந்தாள். புகாரா ஊரிலிருந்து வந்தவள். துக்க வீட்டில் துக்கக்காரர் வாயைத் திறக்கும்வரை வந்தவர்கள் பேசக்கூடாது; அந்த விதி ஆண்களுக்கானது என்று ஸிவ்யா தீர்மானித்திருந்தாள்.

"வாயைத் திற."

"வச்சிட்டுப் போங்க அக்கா. அப்புறம்."

"அப்புறம் என்ன அப்புறம்? முதல் வாய் அடுத்தவங்க சோறு. நான் அடுத்தவ. இது சோறு. இன்னும் என்ன குறை?"

"அப்பா ஒரு ஆளைச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"யாரு?"

பெனினா விரலால் தரையைக் காட்டினாள். ஸிவ்யா தரையைப் பார்த்தாள்.

"கீழ யாரு? சாத்தானா?"

"ரெண்டாவது மாடி ஸெலிக்."

"அதுக்குச் சாத்தானே தேவலையே," என்று ஸிவ்யா கூடையை அங்கேயே வைத்துவிட்டு, நடக்கப்போவதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஸஸோனுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பாக்தாத் வழக்கத்துல யாராவது செத்தா தெருவே சமைக்கும். இது யார் சமைச்சதுன்னு கேட்டவனுக்கு அடி விழும். நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

போனான். படிக்கட்டில் பேச்சுச் சத்தம், பிறகு கதவுச் சத்தம். திரும்பி வந்தான்.

"கதவைத் திறந்தார். நல்ல சகுனம்னு நினைச்சேன். திறந்தது சங்கிலி அளவுதான். முட்டை இருக்கான்னு கேட்டேன். கடன் வேணுமான்னார். கடன் வேணாம், எங்ககிட்ட ஒரு லாரி நிறைய இருக்கு, உங்களுது ஒண்ணு வேணும்னேன்."

"அதுக்கு?"

"பைத்தியக்கார வீடுன்னுட்டுச் சாத்திட்டார். அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, பெனினா."

வெயில் பால்கனிக் கம்பியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் நோகா வந்தாள். தோளில் மடிக்கணினிப் பை, கலைந்த முடி, காலில் இன்னும் இடுகாட்டு மணல். ஆவணப்படம் எடுக்கிறவள், அந்தப் பழைய ஜெர்மன் படத்தைப் பற்றித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலோரம் நின்று, பெனினா பேசுவதற்காகக் காத்திருந்தாள். சின்ன வயதானாலும் முறை தெரிந்தவள்.

மூன்று மாதம் முன்பு முதல் தடவை அவள் வந்து, இதே மேஜையில் இதே கணினியைத் திறந்து வைத்தாள். ஜெர்மனியில் ஒரு படக்கிடங்கில், வேண்டாமென்று கழித்துப் போட்ட சுருள்கள் கிடைத்திருந்தன. உலகம் பார்த்த படத்தில் வராத துண்டுகள். அதில் அந்த உணவகம் இருந்தது. வாத்துக்கால் மறுபடி மறுபடி தட்டுக்கு வந்தது. மேஜையில் இருந்தவன் கடித்தான், நிறுத்தினான், பக்கத்திலிருந்து ஒரு சீருடைக் கை நீட்டிய எதிலோ துப்பினான், மறுபடியும் சிரித்த முகமாகக் கடித்தான். ஓரத்தில் இன்னொரு கேமராக்காரன் தெரியாமல் படச் சட்டத்துக்குள் நுழைந்து, பதறி வெளியே போனான். வாசலில் ஒரு பிச்சைக்காரப் பையனை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினார்கள்.

ஃபைவெல் ஒரு வேடிக்கைகூடப் பேசாமல் பார்த்தார். முடிந்ததும், "மறுபடி," என்றார். அது முடிந்ததும் மறுபடி. கடிக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரையில் அந்த முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"பார்க்க எப்படி இருக்கு, தாத்தா?" என்று கேட்டாள் நோகா.

"ஒல்லியா இருக்கான்," என்றார். "அந்தக் கோட்டு அவனுது இல்ல. அவங்க மாட்டிவிட்டது." கிழவர்கள் தங்கள் இளமையை யாரோபோலப் பேசுவதை பெனினா முன்பும் கேட்டிருக்கிறாள். அவள் போய்த் தேநீர் போட்டாள். திரும்பி வந்தபோதும் அவர் விரலை எடுத்திருக்கவில்லை. "இதை ஸெலிக்குக்குக் காட்டு," என்றார் அப்போது. நோகா இரண்டு தடவை கீழே போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் சங்கிலி.

இப்போது பெனினா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கொண்டுவந்திருக்கியா?"

"அது இல்லாம நான் தூங்கறதுகூட இல்லக்கா."

"இரு."

துக்கக்காரி வீட்டுப் படியைத் தாண்டக்கூடாது. சமையலறைக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெனினா எழுந்து, முட்டைகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தாள். கட்டடத்தின் நடுவே கிணறுபோலக் காற்றுக்கு விட்ட இடைவெளி; நேர் கீழே ஸெலிக்கின் சமையலறை ஜன்னல். கீழே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸெலிக் மாமா."

குழாய் நின்றது.

"நான் பெனினா."

"தெரியுது. இந்தக் கட்டடத்துல என்னை மாமான்னு கூப்பிட வேற யாரு இருக்கா?"

"நான் காலையிலேர்ந்து சாப்பிடல."

"அதை என்கிட்ட ஏன் சொல்றே? ஊரே முட்டை தூக்கிட்டு மேல போகுது. படிக்கட்டெல்லாம் ஓடு."

"நீங்க கொண்டுவந்தாத்தான் சாப்பிடுவேன்."

"இது உன் புத்தி இல்ல. உங்கப்பன் புத்தி."

"ஆமா."

இப்போது ஸெலிக்கின் குரல் வேறு மாதிரி வந்தது.

"பசியை வச்சு விளையாடக்கூடாது, பொண்ணே. பசின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீங்க ரெண்டு பேரும் தெரியவிட்டதில்ல."

பின்னால் ஸிவ்யா மூக்கை உறிஞ்சினாள். ஸஸோன் கை காட்டி அவளை அடக்கினான்.

"ஒரு முட்டைதானே?" என்றார் ஸெலிக். "கயித்துல கூடையை இறக்கு. வச்சு அனுப்பறேன். தின்னு தொலை."

"கூடை வேணாம். நீங்க வரணும். அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு கீழ வருவா. அவ காட்டறதைப் பார்க்கணும்."

"பார்த்தாச்சு. நாப்பது வருஷத்துக்கு முந்திப் பார்த்தது. இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு."

"நீங்க பார்த்தது அவங்க வச்சுக்கிட்டது, மாமா. இது அவங்க கழிச்சுப் போட்டது."

பெனினா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை, இன்னொரு தடவை கூப்பிடவுமில்லை. சாயங்கால வெளிச்சம் கிணற்றின் மேல்விளிம்பில் ஒரு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே, சங்கிலி கழற்றும் சத்தம் கேட்டது.

"போ," என்றாள் நோகாவிடம்.

சத்தமில்லாத படத்தைக் காதால் பார்ப்பது எப்படி என்று அன்று பெனினாவுக்குத் தெரிந்தது. நாற்காலி இழுபட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க யாரோ ஊதினார்கள். பிறகு நோகாவின் குரல், தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லாக.

"இது முதல் டேக்."

விசை ஒன்று தட்டுப்பட்டது.

"இது ரெண்டாவது. தட்டைப் பாருங்க. அதே தட்டு."

நாற்காலி முன்னுக்கு நகர்ந்தது.

"இது மூணாவது."

"நிறுத்து." ஸெலிக்கின் குரல். "அந்தக் கை யாரோடது?"

"சிப்பாய். முகம் வராது. கைதான்."

"என்ன பிடிச்சிருக்கான்?"

அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நோகா விட்டுவிட்டாள்போல.

"மறுபடி போடு," என்றார்.

மேலே ஸிவ்யாவே வாயைத் திறக்கவில்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சப் பட்டை விரல் அகலத்துக்குச் சுருங்கிற்று. ஸஸோன் கடிகாரத்தைப் பார்த்தான், பெனினாவைப் பார்த்தான், ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினான். அவள் தலையை அசைத்தாள்.

கீழே குழாய் திறந்தது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. தீக்குச்சி உரசியது. கொஞ்சம் பொறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரே ஒரு முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் முட்டிக்கொள்ளும் சத்தம் கிணற்றின் வழியே மேலே ஏறி வந்தது. டொக். டொக், டொக்.

பெனினா போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஸெலிக் வந்தபோது கழுத்துப்பட்டையை மறுபடி சரியாகக் கட்டியிருந்தார். கையில் தட்டு, தட்டின் மேல் துவைத்த கைக்குட்டை. வாசல் கதவு துக்க வீட்டில் திறந்தே இருக்கும். இருந்தும் பூட்டு வேலைக்காரர் பழக்கத்தில் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதை, அலமாரி மேலிருந்த நினைவு விளக்கு உட்பட, எல்லாரும் பார்த்தார்கள்.

அவள் எதிரே வந்து நின்றார். அவர் முதலில் பேசக்கூடாது. பேசவில்லை. நின்றார். கைக்குட்டைக்கு அடியில் முட்டை உருண்டு விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. பெனினா வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் நிற்க வைத்திருக்கலாம். அப்பாவாக இருந்தால் நிற்க வைத்திருப்பார்.

"வாங்க, மாமா."

"ஏழு தடவைன்னான், பதினொண்ணுன்னான்," என்றார் ஸெலிக். "நாலுதான். எண்ணினேன்."

"அப்பாவுக்குக் கணக்குல கொஞ்சம் தாராளம்."

"வாளியும் இல்ல. தகர டப்பா."

"சரி."

"கடுகுச் சாந்து கேட்டேன்னு சொன்னானே..."

"படத்துல சத்தம் இல்லையே, மாமா."

ஸெலிக் யோசித்தார். "கேட்டிருப்பான்," என்றார். "கேக்கற ஆள்தான்."

சுற்றிலும் பார்த்து, சுவரோரம் இருந்த இன்னொரு குட்டை முக்காலியை இழுத்தார். ஸஸோன் முன்னால் வந்தான். "அது துக்கக்காரங்களுக்கு, ஐயா. இந்தாங்க, நாற்காலி."

"தெரியும்," என்றார் ஸெலிக். எண்பத்தைந்து வயது முழங்காலைத் தவணை முறையில் மடக்கி, முக்காலியில் உட்கார்ந்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். சட்டைக் காலரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நல்ல பழைய துணி. பிறகு விட்டுவிட்டு, கைக்குட்டையை எடுத்தார்.

முட்டையை அவரே உரித்தார். பூட்டுக்குள் இருந்து உடைந்த சாவியை எடுப்பதுபோல, ஓடு ஓடாக, வெள்ளை பிய்ந்துவிடாமல். அவள் கையில் வைத்தார். உப்புக் கிடையாது. பெனினா வாயருகே கொண்டுபோனாள், நிறுத்தினாள், இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை அவர் பக்கம் நீட்டினாள்.

ஸெலிக் அந்தப் பாதியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார்.

"வெள்ளிக்கிழமை யாரு சமைக்கிறது?" என்று கேட்டார்.

"ஸஸோன். காரமா இருக்கும்."

"பரவாயில்ல."

பெனினா தன் பாதியைத் தின்றாள். ஸெலிக் அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கடைசித் துணுக்கு போகும்வரை. ஸிவ்யா எழுந்து போய், தன் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்து வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது.

அந்த மே மாதம் உணவகத்தில் படம் பிடித்த அன்று ஃபைவெல் சுவருக்குள்ளேயே வேறொரு தெருவில் டைஃபஸ் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தார். மேஜையில் உட்கார்ந்திருந்தது அவருடைய தம்பி இட்ஸிக், அச்சு அசலாக அவரைப்போலவே இருப்பான், ஆகஸ்டில் அவனைச் சாவு முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றினார்கள்.